தலையில் எந்தப் பாகை?



பட்டமளிப்பு விழாப் படம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, தொப்பி. வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் அது.

புனே பல்கலைக்கழகம் அதை மாற்றியது. 2019 ஜனவரி விழாவில் புனேரிப் பாகை வந்தது. மாணவர் சிலர் எதிர்த்தார்கள். அது பேஷ்வா காலத்து மேல்சாதி அடையாளம் என்றார்கள். ஜோதிராவ் புலே கட்டிய தலைப்பாகைதான் வேண்டும் என்றார்கள்.

துணிதானே, இதற்கு ஏன் சண்டை? அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2014-இல் சாவித்திரிபாய் புலே பெயரை வைத்தார்கள். அவர் ஜோதிராவின் மனைவி. 1848-இல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். பாடம் நடத்தப் போகும் சாவித்திரிபாய்மீது தெருவில் சாணி எறிந்தார்கள். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார். பள்ளியில் அதை உடுத்திக்கொண்டு பாடம் தொடங்குவார்.