தூரமும் ஒரு தீண்டாமை

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பஸ்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கேன். பஸ்ஸுல என்னய்யா விடுதலைன்னு சிலர் கேக்கலாம். இருக்கு.

தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்றொரு நடுத்தர நகரம். துறைமுகமும் தொழிற்சாலைகளும் உண்டு. நகரத்தை ஒட்டியே டங்கன் வில்லேஜில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். 1960களில் அவர்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்தெடுத்து, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ம்டன்ட்சானேயில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1981இல் அந்த இடத்தையும் சேர்த்து சிஸ்கே என்று ஒரு 'தனிநாடு' அறிவித்தார்கள். ஒழைக்க வெள்ளையன் நகரம், ஒறங்க வேற 'நாடு'. ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குத் தெரியாததா? அங்கே கூடுதலாக, நடுவில் ஒரு டிக்கெட்டும் வைத்தார்கள்.

1983 ஜூலையில் பஸ் கட்டணம் ஏறியது. வங்கியில் கணக்குப் பார்க்கிறவன், கணக்காகவே சொல்றேன்: கட்டணம் ஏறினால் கூலி இறங்கிவிட்டதென்று அர்த்தம். அந்தப் பஸ் கம்பெனியில் சிஸ்கே அரசுக்கும் பங்கு இருந்தது. ஜனங்க பஸ்ஸைப் புறக்கணிச்சாங்க. நடந்தாங்க, ரயிலேறினாங்க. ஆகஸ்ட் 4ஆம் தேதி எகர்ட்டன் ரயில் நிலையத்துக்குப் போன கூட்டத்தைச் சிஸ்கே படையினர் சுட்டார்கள். 11 பேர் செத்தார்கள். எந்த வண்டியில் ஏறுவதென்று தாங்களே முடிவு செய்ததற்கு இந்தத் தண்டனை.

1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. புதிய அரசு ஏழைகளுக்கு லட்சக்கணக்கில் வீடு கட்டியது. பாராட்டுவோம். ஆனால் மலிவான நிலம் நகரத்துக்கு வெளியேதான் கிடைத்தது; பல வீடுகள் அங்கேதான் எழும்பின. காலையில எல்லாரும் ஒரே திசையில போறாங்க, சாயங்காலம் அதே வழியில திரும்புறாங்க. நடுப்பகலில் வண்டி காலி. பஸ்ஸுக்குக் கட்டுப்படியாவதில்லை. நஷ்டம்னு சொல்லிக் கட்டணத்தை ஏத்துறாங்க. மினிபஸ் டாக்சியோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது?

அதே நாட்டில் ஜார்ஜ் என்னும் நகரத்தில் 2014 டிசம்பரில் கால அட்டவணைப்படி பஸ் விட ஆரம்பித்தார்கள். டாக்சி ஓட்டிப் பிழைத்தவர்களைத் துரத்தாமல் பங்குதாரர்களாகச் சேர்த்தார்கள். நடுத்தர நகரத்துக்கு மெட்ரோ ரயில் தேவையில்லை, ஒழுங்கான பஸ் போதும் என்பதற்கு இது நல்ல ஆரம்பம். ஆனா பஸ் மட்டும் தூரத்தைக் கொறைக்காது. பஸ் போகும் சாலையோரத்தில், வேலைக்குப் பக்கத்தில் ஏழைக்கு வீடு வேண்டும். அங்கே நிலத்தின் விலை ஏறும்போது அவனை மறுபடி தூக்கியெறிய முடியாதபடி சட்டமும் வேண்டும்.

நகரத் திட்டம் என்று எவராவது வரைபடத்தை விரித்தால், ஒன்றைக் கேளுங்கள். விடிகாலையில் அந்தத் தெருவைக் கூட்டிப் பெருக்க வருகிற பெண் எங்கேயிருந்து வருகிறாள்? எத்தனை வண்டி மாறுகிறாள்? அவள் கூலியில் டிக்கெட்டுக்கு எவ்வளவு போகிறது? பதில் சொல்ல முடியாவிட்டால் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.