தீவில் வீடு வாங்குதல்: ஒப்பமிடுவதற்கு முன் பெறவேண்டிய கடன் ஆலோசனை

(எமது நகரசபையின் நூலக மண்டபத்தில் தமிழ் வதிவாளர்களுக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த மண்ணின் மரபுவழி உரித்தாளர்களான பூனுரோங் மக்களுக்கும், அவர்களின் மூத்தோருக்கும் முதற்கண் மரியாதை செலுத்துகின்றேன். இன்று நாம் பேசப்போகும் பிலிப் தீவும் அவர்களுடைய நிலமே. அவர்கள் அதனை மில்லோவ்ல் என அழைக்கின்றனர்.

நான் இந்நகரசபையின் மொழிபெயர்ப்பாளன். கொழும்பில் சட்டம் கற்றவன். ஆயினும் இந்நாட்டில் சட்டத்தரணியாகவோ கடன் ஆலோசகராகவோ தொழில் புரிபவன் அல்லன். ஆகவே நான் கூறுவன யாவும் பொதுத் தகவல்களே. உங்கள் சொந்த நிலைமைக்குரிய ஆலோசனையை உரிமம் பெற்றவர்களிடமே பெற்றுக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது வேலணையில். எங்களுக்குப் பண்ணைப் பாலம் இருந்தது; பேருந்தில் ஏறி யாழ்ப்பாணம் போய்வந்தோம். நெடுந்தீவாருக்கோ குறிகட்டுவானில் படகு வரவேண்டும், கடலும் அடங்கவேண்டும். இரண்டும் தீவுதான். ஆனால் பாலமுள்ள தீவும் பாலமில்லாத தீவும் ஒன்றல்ல என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அந்த வேறுபாட்டை இந்நாட்டு வங்கிகளும் நன்கு அறிந்திருக்கின்றன.

கோடை விடுமுறையில் பெங்குவின் பார்க்கப் பிலிப் தீவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் மெல்பேர்ணில் அரிது. திரும்பும் வழியில் கௌஸ் நகரில் வீட்டு முகவர் நிலையத்தின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைகளைப் பார்க்கின்றோம். “இங்கே ஒரு சிறிய வீடு இருந்தால் நல்லது” என்ற எண்ணம் எழுகின்றது. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. அதற்கான கடன் ஆலோசனையை எப்போது, யாரிடம், எந்தக் கேள்வியோடு பெறுவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல் விளக்கம். இலங்கையில் நாம் ஈடு என்போம். தமிழகத்தார் அடமானம் என்பர். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி என்ற ஒரு முறையும் உண்டு. ஒற்றியில் கடன் கொடுத்தவர் காணியைத் தன் அனுபவிப்பில் வைத்திருப்பார். அதன் வருமானமே அவருக்கு வட்டி. இங்குள்ள ஈட்டுக்கடன் அவ்வாறானதல்ல. வீடு உங்கள் பெயரிலும் உங்கள் கையிலும் இருக்கும். வங்கியின் உரிமை காணிப் பதிவேட்டில் பதியப்படும். தவணை தவறினால், சட்டம் கூறும் அறிவித்தல்களை வழங்கியபின், வங்கி அவ்வீட்டை விற்கலாம். விற்ற பணம் கடனுக்குப் போதாவிடின் எஞ்சிய தொகைக்கும் நீங்களே பொறுப்பாளி.

தீவு வீட்டின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகின்றது. வங்கி உங்கள் சம்பளத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. “நாளை இதை நாம் விற்க நேர்ந்தால் வாங்க ஆள் உண்டா?” என்றும் பார்க்கின்றது. வாங்குவோர் குறைவான இடத்தில் வங்கி குறைவாகவே கடன் கொடுக்கும். சில வேளை கொடுக்கவே மாட்டாது.

மூன்று தீவுகளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன்.

முதலாவது பிலிப் தீவு. சான் ரீமோவிலிருந்து நியூஹேவனுக்கு 1940 ஆம் ஆண்டு முதற்பாலமும், 1969 ஆம் ஆண்டு இப்போதுள்ள பாலமும் திறக்கப்பட்டன. மெல்பேர்ணிலிருந்து சுமார் 140 கிலோமீற்றர் தூரம். அங்குள்ள சாதாரண குடியிருப்பு வீட்டை வங்கிகள் பெரும்பாலும் பெருநிலப்பரப்பின் கரையோர நகரத்து வீட்டைப் போலவே கருதும். ஆனால் விடுதி வளாகத்துக்குள் உள்ள சிறு அலகுகள் அவ்வாறல்ல. அதைப்பற்றிப் பின்னர் கூறுவேன்.

இரண்டாவது, அதற்கு அயலிலுள்ள பிரெஞ்சுத் தீவு. பாலம் இல்லை. ஸ்டோனி பொயின்டிலிருந்து படகில் போகவேண்டும். பொது மின்விநியோகம் இல்லை, குழாய் நீர் இல்லை. அது எந்த நகரசபையின் ஆட்சிக்கும் உட்படாத நிலம். அங்கே வீடு வாங்க விரும்புபவர் சூரிய மின்கலம், மழைநீர்த் தாங்கி, கழிவுநீர்த் தொகுதி ஆகிய அனைத்துக்கும் தாமே பொறுப்பு. சிட்னியில் பிட்வோட்டரிலுள்ள ஸ்கொட்லாந்துத் தீவும் படகில் மாத்திரம் அடையக்கூடியதே. அங்கும் கழிவுநீரை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் காணிக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டும். இத்தகைய வீடுகளுக்குக் கடன் கேட்பவரிடம் வங்கி கூடுதலான முற்பணத்தை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, குயின்ஸ்லாந்தில் மோர்ட்டன் விரிகுடாவிலுள்ள ரசல் தீவு. மலிவான காணி என்ற விளம்பரத்தைப் பார்த்து நம்மவர் சிலர் விசாரிப்பதால் இதைக் குறிப்பிடுகின்றேன். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அங்கே ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் பிரித்து விற்கப்பட்டன. பலர் கண்ணால் காணாமலே வாங்கினர். பின்னர் பார்த்தபோது சில துண்டுகள் சதுப்பு நிலமாக இருந்தன. அவற்றில் வீடு கட்ட முடியவில்லை. இன்று அங்கு நல்ல வீடுகளும் குடும்பங்களும் உள்ளன. ஆயினும் வெறுங்காணி வாங்குபவர், அக்காணியில் கட்ட அனுமதி கிடைக்குமா, கட்டடப் பொருள்களைக் கடல் கடந்து கொண்டுசெல்லும் செலவு எவ்வளவு, அச்செலவையும் உள்ளடக்கி வங்கி கட்டுமானக் கடன் தருமா என்பவற்றை முன்கூட்டியே அறியவேண்டும்.

இனி எனக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். மொழிபெயர்ப்பாளனாக நான் அறிந்த பிறர் விடயங்களைப் பேச எமது தொழில் ஒழுக்கம் இடந்தராது. என் தவறைப் பேசத் தடையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் பிலிப் தீவில் ஒரு விடுதி வளாகத்தில் சிறிய அலகு ஒன்றைப் பார்த்தோம். விலை 310,000 டொலர். தரகர் ஒருவர் மூலம் பெற்ற முன் அனுமதிக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. மாலையில் வேறொருவர் பார்க்க வருகின்றார் என்றார்கள். அந்தச் சனிக்கிழமையே ஒப்பமிட்டு, 31,000 டொலர் முற்பணமும் கட்டினேன். கடன் கிடைத்தால் மாத்திரமே வாங்குவேன் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை. சட்டம் படித்தவன் அதைக் கவனிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி கேட்டார்: “அந்தக் கடிதம் எழுதும்போது இந்த வீட்டின் விலாசம் வங்கிக்குத் தெரியுமா?”

தெரியாது. அக்கடிதம் என் வருமானத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வீட்டைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. திங்கட்கிழமை விசாரித்தேன். அலகு மிகச் சிறியது, அத்துடன் விடுதி நிர்வாகத்துக்குக் குத்தகையில் உள்ளது என்ற இரு காரணங்களையும் கூறி, அதனை ஈடாக ஏற்கமுடியாது என்று செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. புதன்கிழமை காலை எழுத்துமூலம் ஒப்பந்தத்தை முறித்தேன். விக்டோரியாவில் அதற்கு மூன்று முழு வேலைநாள்கள் உண்டு. நான் கடைசி நாளில் நின்றேன். விலையில் 0.2 சதவீதம், அதாவது 620 டொலர் போக, எஞ்சியது திரும்பி வந்தது. அது ஏலத்தில் எடுத்த வீடாக இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் எனக்கு இருந்திராது. முழு முற்பணமும் போயிருக்கும். விற்பவர் மேலும் நட்டஈடு கோரவும் இடமிருந்திருக்கும்.

“எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்று நான் கேட்டிருந்தேன். “இந்த விலாசத்திலுள்ள இந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்று கேட்டிருக்க வேண்டும். தீவில் வீடு வாங்கும் ஒருவர் பெறும் கடன் ஆலோசனையின் உயிர்நாடி இந்த இரண்டாவது கேள்வியே.

அக்கேள்வியை யாரிடம் கேட்பது? வங்கி அலுவலரிடம் கேட்கலாம். ஆனால் அவர் தமது வங்கியின் கடனை மாத்திரமே விளக்குவார். கடன் தரகரிடம் கேட்கலாம். 2021 ஜனவரி 1 முதல், கடன் தரகர் வாடிக்கையாளரின் நலனுக்கு உகந்தவாறே நடக்கவேண்டும் என்பது சட்டக் கடமை. ஆயினும் அவருக்குத் தரகுப்பணம் கொடுப்பது பெரும்பாலும் கடன் வழங்கும் நிறுவனமே. ஆகவே பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று: உங்கள் உரிம இலக்கம் என்ன? கடன் ஆலோசனை வழங்குபவர் உரிமம் பெற்றவராகவோ, உரிமம் பெற்றவரின் பிரதிநிதியாகவோ இருத்தல் வேண்டும். ஆசிக் எனப்படும் பிணையங்கள், முதலீடுகள் ஆணைக்குழுவின் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

இரண்டு: எத்தனை கடன் நிறுவனங்களுடன் வேலை செய்கின்றீர்கள்? அவற்றுள் இந்த வகைச் சொத்தை ஈடாக ஏற்பவை எவை?

மூன்று: இக்கடனால் உங்களுக்கு எவ்வளவு தரகுப்பணம் கிடைக்கும்?

நான்கு: வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைவிடக் குறைவாக மதிப்பிட்டால், குறையும் பணத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

ஐந்து: நான் அங்கே வாழப்போவதில்லை எனில் வட்டி வீதம் எவ்வளவு கூடும்? முதல் வீட்டுக்குரிய அரசாங்கச் சலுகைகள் கிடைக்குமா? அச்சலுகைகள் பொதுவாகச் சொந்தமாகக் குடியிருப்போருக்கே உரியவை.

நான்காவது கேள்விக்கு ஒரு விடை அடிக்கடி வரும்: “நீங்கள் இருக்கும் வீட்டையும் சேர்த்து ஈடு வையுங்கள்.” இதைக் கேட்டதும் நிதானியுங்கள். தீவு வீட்டை நம்ப வங்கி தயங்குவதால்தான் உங்கள் குடியிருப்பு வீட்டைக் கேட்கின்றது. தீவு வீட்டின் தவணை தவறினால் இழக்கக்கூடியது பிள்ளைகள் உறங்கும் வீடு. பெற்றோரைப் பிணை நிற்கக் கேட்பதும் இதைப் போன்றதே. பிணை நிற்கும் முதியவர், பிள்ளைகள் இல்லாத இடத்தில், தமக்கெனத் தனியான சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறவேண்டும்.

வேறொரு காப்புறுதி பற்றியும் ஒரு தெளிவு தேவை. வீட்டின் பெறுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் வாங்கினால் வழக்கமாக ஒரு காப்புறுதிக் கட்டணம் அறவிடப்படும். பணம் கட்டுவது நீங்கள், பாதுகாக்கப்படுவது வங்கி. அது உங்களைக் காப்பதாக எண்ணி ஏமாறவேண்டாம்.

தவணைக் கணக்கையும் உள்ளபடி போடுங்கள். வங்கிகள் இன்றைய வட்டியுடன் 3 சதவீதப் புள்ளிகளைக் கூட்டி, அப்போதும் உங்களால் கட்டமுடியுமா எனச் சோதிக்கின்றன. அதே சோதனையை வீட்டு மேசையில் நீங்களும் செய்யுங்கள். “விடுமுறைக்கு வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டலாம்” என்பார்கள். மழைக்காலத்தில் வாடகை வராது. 2025 ஜனவரி முதல் விக்டோரியாவில் குறுகிய கால வாடகைக்கு 7.5 சதவீத வரியும் உண்டு. குடியிருப்பு வீடு அல்லாததால் ஆண்டுதோறும் நிலவரியும் வரக்கூடும். வெள்ளம், காட்டுத்தீ ஆகியவற்றுக்கான கட்டடக் காப்புறுதி என்ன விலை என்று ஒப்பமிடுவதற்கு முன்பே விசாரியுங்கள். காப்புறுதி இல்லாமல் வங்கி பணத்தை விடுவிக்காது.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, கடன் கிடைப்பதற்கு உட்பட்டது என்ற நிபந்தனை எழுத்தில் இருக்கவேண்டும். கடன் நிறுவனம், தொகை, இறுதி நாள் மூன்றும் அதில் நிரப்பப்பட வேண்டும். கடன் மறுக்கப்பட்டால் குறித்த காலத்துக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். மனம் மாறுவதற்கான காலம் நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஐந்து வேலைநாள்கள், 0.25 சதவீதம் வரை இழக்க நேரும். ஏலத்தில் வாங்கினால் எம்மாநிலத்திலும் இவ்வாறான காலம் இல்லை. விற்பவரின் வெளிப்படுத்தல் ஆவணத்தைச் சட்டத்தரணியோ சொத்து மாற்ற முகவரோ முதலில் வாசிக்கட்டும். அதன்பின் உங்கள் பேனா திறக்கட்டும்.

தற்காலிக விசாவில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கனவே கட்டப்பட்ட வீட்டை நீங்கள் வாங்க முடியாது. முற்பணம் கொடுப்பதற்கு முன் இதனைச் சட்டத்தரணியிடம் உறுதி செய்யுங்கள்.

இறுதியாக, உதவி கிடைக்கும் இடங்கள். வங்கியிலோ தரகரிடமோ பேசும்போது உங்கள் பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். 131 450 என்ற இலக்கத்தில் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லுங்கள். தவணை கட்ட முடியாத நிலை வந்தால் மறைக்காமல் முதலில் வங்கியிடம் கூறுங்கள். இடர்நிலைக் கோரிக்கையைப் பரிசீலிப்பது வங்கியின் கடமை. 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவித் தொலைபேசியில் நிதி ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள். வங்கி மீதோ தரகர் மீதோ உள்ள முறைப்பாடு அவர்களிடமே தீராவிடின், அஃப்கா எனப்படும் நிதிசார் முறைப்பாட்டு அதிகாரசபையை 1800 931 678 இல் அழைக்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

எங்கள் ஊரில் படகில் ஏறுமுன் பெரியவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அதன்பின்தான் பிள்ளைகளை ஏற்றுவார்கள். தீவில் வீடு வாங்க விரும்பும் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். வீட்டின் விலாசத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கடன் ஆலோசகரின் முன் வையுங்கள். “இந்த வீட்டுக்குத் தருவீர்களா?” என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்கியபின் ஒப்பமிடுங்கள்.