கிண்ணத்தைவிடப் பெரிது



நூற்றாண்டு விழாவில் வெற்றிக் கிண்ணங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்களோ கிண்ணத்தைவிடப் பெரிதொன்றைத் தேடிப் போனவரைப் பற்றிச் சொல்ல வந்தோம்.

சி. ரி. ஸ்டட் இங்கிலாந்தின் கிரிக்கெட் வீரர். 1882இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவிடம் 7 ஓட்டங்களால் தோற்றபோது, ஒரு பந்தையேனும் சந்திக்காமல் மறுமுனையில் நின்றவர். பின்னர் அவருடைய அண்ணன் ஜோர்ஜ் நோயில் சாகக் கிடந்தார். இந்த நேரத்தில் புகழ் எதற்கு உதவும் என்று ஸ்டட் தம்மைக் கேட்டுக்கொண்டார். அண்ணன் பிழைத்தார், தம்பி மாறிவிட்டார். 1885இல் மட்டையை வைத்துவிட்டு நற்செய்திப் பணிக்காகச் சீனா சென்றார். தந்தைவழிச் சொத்தையும் கொடுத்துவிட்டார். 1900 முதல் 1906 வரை ஊட்டியில் சபைப் போதகராயிருந்தார். 1931இல் கொங்கோவில் காலமானார்.

ஊட்டி என்றதும் எங்களுக்கு வேறு முகங்களும் நினைவுக்கு வருகின்றன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பதுளைத் தோட்டங்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிக்குப் போயின! எங்களோடு இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய தோழியரும் போனார்கள்.

ஸ்டட் தாமாகவே விட்டுச் சென்றார். அவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆயினும், கிண்ணத்தில் பெயர் இல்லாததால் எவரும் சிறியவராகிவிடுவதில்லை என்பதை அவர் வாழ்வு எங்களுக்கு உணர்த்தியது.

நீலகிரித் தோழியரே, இம்மலர் உங்கள் கைக்கு வந்தால் ஒரு வரி எழுதுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் எங்கள் வகுப்பு.