முதுகுல அடிபட்டா எதுக்கு பிரஷரைப் பார்க்கிறாங்க?

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து வருது. அவரோட தம்பிக்கு பைக் விபத்துல கழுத்துக்குக் கீழ அடி. ஐ.சி.யூ.வுல ராத்திரி பகலா பிரஷரையே பார்த்துட்டு இருந்தாங்களாம். "அடிபட்டது முதுகுலதானே, பிரஷருக்கு ஏன் இவ்வளவு பதறுறாங்க?"ன்னு கேட்டிருக்கார். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா பதில் தேடிப் படிச்சதை உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

முதல்ல, முதுகெலும்பு வேற, தண்டுவடம் வேற. எலும்புதான் குழாய். அதுக்குள்ள மூளையில இருந்து இறங்குற நரம்புத் திசுதான் தண்டுவடம். சுமார் 45 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன். அதுக்கு ரத்தம் கொடுக்க முன்பக்கம் ஒரே ஒரு தமனி, பின்பக்கம் ரெண்டு. முன்பக்கத் தமனி மட்டுமே தண்டுவடத்துல மூணுல ரெண்டு பங்கைக் கவனிச்சுக்குது.

எலும்பு உடைஞ்சு தண்டுவடத்தை நசுக்குற அந்த நொடியில சில நரம்புகள் செத்துடும். அதைத் திருப்பிக் கொண்டுவர இன்னைக்கு வரைக்கும் வழி இல்ல. ஆனா சேதம் அதோட நிக்காது. இதை முதல்ல கவனிச்சவங்கள்ல ஒருத்தர் ஆல்ஃப்ரெட் ரெஜினால்ட் ஆலன்ங்கிற அமெரிக்க டாக்டர். 1911-ல நாய்களை வச்சு அவர் செஞ்ச சோதனைகள்ல இருந்துதான் 'இரண்டாம் கட்ட சேதம்'ங்கிற யோசனையே வளர்ந்துச்சு.

அந்த இரண்டாம் கட்டத்துல பெரிய பங்கு ரத்தக்குழாய்களுக்குத்தான். தண்டுவடத்தோட நடுப்பகுதியில நுண்குழாய்கள் அடர்த்தியா இருக்கும். அதெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியும். வெடிக்காத குழாய்கள் சுருங்கும், சிலது அடைச்சுக்கும். குழாய்ச் சுவர் ஓட்டையாகி நீர் வெளியேறி வீக்கம் வரும். சுத்தி இருக்கிறது எலும்பு, வீங்க இடமே கிடையாது. அதனால வீக்கம் பக்கத்துக் குழாய்களையும் அழுத்தும். அடியில தப்பிச்ச நரம்பும் ஆக்சிஜன் இல்லாம சாகும். ஒரு சர்வர் விழுந்தா அதோட லோடு பக்கத்து சர்வர்ல ஏறி அதுவும் விழுமே, அந்த மாதிரி. இது மணிக்கணக்குல, நாள் கணக்குல நடக்கும்.

இப்போ பிரஷருக்கு வருவோம். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்ற சிக்னல் தண்டுவடம் வழியாத்தான் போகுது. கழுத்துலயோ மேல் முதுகுலயோ அடிபட்டா அந்த சிக்னல் அறுந்துடும். உடம்பு முழுக்க குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும், இதயத் துடிப்பும் குறையும். ஆரோக்கியமான தண்டுவடம் பிரஷர் ஏறி இறங்கினாலும் தன் ரத்த ஓட்டத்தை சமாளிச்சுக்கும். அடிபட்டதுக்கு அந்தத் திறமை போயிடும். பிரஷர் விழுந்தா அது நேரடியா பட்டினி கிடக்கும்.

அதனாலதான் டாக்டர்கள் சராசரி ரத்த அழுத்தத்தை விடாம பார்க்கிறாங்க. 120/80 இருக்கிறவருக்கு அந்த சராசரி சுமார் 93. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களோட 2013 வழிகாட்டுதல், முதல் 7 நாள் 85-90 வச்சிருக்கச் சொல்லுச்சு. 2024-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதைத் தளர்த்தி, 75-80-க்குக் கீழ போகாம, 90-95-க்கு மேல ஏறாம, 3 முதல் 7 நாள்னு சொல்லுது. ஆதாரம் இன்னும் பலமா இல்லைன்னும் ஒத்துக்குது.

அடுத்தது அறுவை சிகிச்சை. அழுத்துற எலும்பை எடுத்து இடம் விட்டா குழாய்களுக்கு மூச்சு வரும். கழுத்துல அடிபட்டவங்களை வச்சு நடந்து 2012-ல வெளியான ஆய்வு இது: ஆறு மாசம் கழிச்சு ரெண்டு படியோ அதுக்கு மேலயோ முன்னேறினவங்க, 24 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் ஆனவங்கள்ல 19.8 சதவீதம், தாமதமானவங்கள்ல 8.8 சதவீதம். சீட்டு குலுக்கிப் பிரிச்ச ஆய்வு இல்ல, அதனால அளவைக் கொஞ்சம் கவனமாத்தான் எடுத்துக்கணும். ஆனா நேரம் முக்கியம்னு டாக்டர்கள் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

மருந்து? 2007-ல மேரிலாந்து பல்கலைக்கழகத்துல மார்க் சிமார்ட் குழு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. அடிபட்ட பிறகு நுண்குழாய்ச் சுவர்ல புதுசா ஒரு வாசல் திறக்குது. அதை அடைச்சா எலிகள்ல ரத்தக்கசிவு பரவுறது குறையுது. அடைச்ச மருந்து எது தெரியுமா? கிளிபென்கிளமைடு. நம்ம வீட்டுப் பெரியவங்க பல வருஷமா சாப்பிட்ட சுகர் மாத்திரை! ஆனா தண்டுவட அடிக்கு மனுஷங்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகல. யாரும் தானா கொடுத்துடாதீங்க, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடும்.

நம்ம கையில இருக்கிறது ரோட்டோரத்து முதல் பத்து நிமிஷம். விபத்துல விழுந்தவரை உடனே கைய கால தூக்கி ஆட்டோவுல மடக்கி ஏத்துறதுதான் நம்ம ஊர் பழக்கம். நல்ல மனசுதான், ஆனா உடைஞ்ச எலும்பு நகர்ந்தா இன்னும் குழாய்கள் கிழியும். தீ, டிராஃபிக் மாதிரி ஆபத்து இல்லைன்னா நகர்த்தாதீங்க. உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. தலையையும் கழுத்தையும் அசையாம பிடிச்சுக்கிட்டு 108-க்குக் கூப்பிடுங்க. வாந்தி எடுத்தா நாலு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு ஒரே நேர்க்கோட்டுல இருக்க மாதிரி மொத்தமா ஒருக்களிச்சுத் திருப்புங்க.

பைக் ஓட்டுற உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது அனுப்புங்க. அடுத்த வாரம் பேசலாம், பத்திரமா இருங்க!