மீட்டால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்பது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் அந்தப் பெண் எப்படிப் பிழைப்பாள்?

கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. பெண்ணுக்குரிய மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். ஆனால் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் அது கைக்கு வரும். வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கும்.

அதுவரை கோர்ட்டுக்குப் போக பஸ் காசு வேணும். பிள்ளைக்கு நோட்டு வேணும். தையலோ வேறு தொழிலோ கத்துக்கணும். மனசுல பயம் தெளியவே மாசக்கணக்காகும்.

அதனால் ஒரே தடவை கொடுப்பதைவிட, மாசாமாசம் கொடுப்பதுதான் உதவும். சேமிப்பு நமக்குக் கத்துக்கொடுத்த பாடமும் அதுதானே! 15 பேர் குழுவில் ஆளுக்கு 10 ரூபாய் என்றால் 150. இருபது குழு சேர்ந்தால் 3,000.

கட்டாயம் இல்லை. குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்க; ரசீது வாங்குங்க. தனிக் கணக்காக வைப்போம்.

இன்னொன்று: நடந்ததை அவளிடம் துருவிக் கேட்காதீங்க. பக்கத்தில் உட்கார இடம் கொடுங்க.