யார் சொல்லி உடுப்பது?

தோழர்களே, கல்வராயன் மலைத் தண்ணீர் கோமுகியாய் இறங்கிவரும் ஊரில் நின்று சிட்னி கடற்கரையைப் பற்றிப் பேசுகிறேன். 2005 டிசம்பரில் குரோனுல்லா கடற்கரையில் அரபு முகச்சாயல் கொண்டவர்களை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. அதன்பின் அங்கே முஸ்லிம் இளைஞர்களை உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைத்தார்கள். மக்கா லாலா என்ற இளம்பெண், உடல் மூடிய சிவப்பு மஞ்சள் புர்கினி அணிந்து உயிர்காப்பாளராகக் கடலில் இறங்கினார். 2016இல் பிரான்சின் சில நகரங்கள் இதே வகை உடையைக் கடற்கரையில் தடைசெய்தன.

நமக்கு இது புதிதல்ல. திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த நாடார் பெண்களை அடித்தார்கள். 1859இல் அனுமதித்தபோதும் ஆதிக்கசாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்றார்கள்.

புர்கினி பெண்ணடிமையின் அடையாளம் என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்வார்கள். எனக்கும் அந்த உடையோடு பிணக்கு உண்டு. அதற்காக, கழற்றச் சொல்லும் காவலரோடு போய் நிற்க மாட்டேன்.