யூரியாவும் பிளீச்சும்

ஊரில் வெங்காயத்துக்குப் போட்ட அதே யூரியாதான், லண்டன் பெற்றோல் நிலையங்களில் டீசல் வாகனங்களுக்கு விற்கும் அட்புளூவில் 32.5 வீதம் இருக்கிறது. மீதி சுத்தமான தண்ணீர். கையில் பட்டால் கழுவினால் போதும். சிந்தினால் வழுக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும்.

நான் கணக்குப் பார்க்கும் கடைகளில், அந்த வெள்ளையைக் கண்டதும் எங்கள் பிள்ளைகள் பிளீச் போத்தலைத் தேடுகிறார்கள். அதுதான் ஆபத்து. யூரியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நைதரசன் திரைகுளோரைட்டு உண்டாகலாம். கண்ணும் மூச்சும் எரியும். அது வெடிக்கவும் கூடியது. பூட்டிய களஞ்சிய அறையில், இரவில் தனியே நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

மணலால் உறிஞ்சி அள்ளி, மிச்சத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். பிளீச் பட்டுவிட்டால் கிளறாமல் வெளியே வந்து மேலாளரைக் கூப்பிடுங்கள்.

முதலாளிமாருக்கு: கையுறைச் செலவை வரிக்கணக்கில் கழிக்கலாம். பாதுகாப்புத் தாளை அலுமாரியில் பூட்டாமல் சுவரில் ஒட்டிவிடுங்கள்.